பொட்டு வைத்த கம்ப்ரசர்

என் கடைக்கு நேர் எதிரே ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அது ஓட ஆரம்பித்தால் நான் போனில் பேச முடியாது. கடைக்கு வந்தவர் என்ன சாமான் கேட்கிறார் என்று இரண்டு தடவை கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அதன் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். கொம்யூன் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து அதை ஊரை விட்டே கிளப்பிவிடுகிறேன் என்று சபதமெல்லாம் போட்டேன். இன்றைக்கு அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய் என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன்.

என் பெயர் அக்பர் அலி. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகிற வழியில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி ரோஷன் பீவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். வரும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, அந்தக் கம்ப்ரசரின் சொந்தக்காரி விஜயராணியைப் பற்றி.

விஜயராணியின் பெற்றோர் நெட்டப்பாக்கம் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவளும் நாற்றுக்கட்டு சுமந்தவள்தான். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். கணவர் அருள்தாஸ் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். இங்கே வயல்களெல்லாம் ஒவ்வொன்றாக மனைக்கட்டாக மாறி, நடவு வேலை குறைந்துபோனது. அவள் சும்மா இருக்கிற ஆளா? வண்டி கழுவுகிற வாட்டர் வாஷ் கடை ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெயிண்ட் அடிக்கிற ஆள் வராமல் போன ஒருநாள், அவசரத்துக்கு ஒரு டிராக்டர் மட்கார்டுக்கு இவள் ஸ்ப்ரே அடித்தாள். அந்த டிராக்டர்காரர் அடுத்த மட்கார்டுக்கும் இவளைத்தான் கேட்டு வந்தார். அவ்வளவுதான், அந்த வேலை அவளைப் பிடித்துக்கொண்டது.

பிறகு என் கடைக்கு எதிரே சொந்தமாகக் கடை போடுவதற்காக, திருக்கனூரில் மூடிப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து இந்தக் கம்ப்ரசரை வாங்கி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வழி நெடுக அதைக் கட்டிப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்திருக்கிறாள். தலைமுடி முழுக்கப் புழுதி. இறங்கியபோது நான் சும்மா இல்லாமல், "இன்னாம்மா, மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேட்டேன். "ஆமா பாய், ஆரத்தித் தட்டு எடுத்தாங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

அந்த மெஷினை அவள் பார்த்துக்கொள்கிற விதமே தனி. காலையில் வந்ததும் டேங்கின் அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து, தேங்கியிருக்கும் தண்ணீரை வெளியே விடுவாள். காற்றை அமுக்கி அடைக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் ஸ்ப்ரே கன் வழியாக வந்தால் பெயிண்டில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அடுத்து, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற வட்டக் கண்ணாடியைக் குனிந்து பார்ப்பாள். பில்டரைக் கழற்றித் தூசி தட்டுவாள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவளுக்கு டீ. ஊரில் எல்லாரும் கேலி செய்வோம். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படி இருக்கையில் போன வருடம் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரத்துக்குப் புதிதாக வர்ணம் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. டிசம்பரில் திருவிழா. விஜயராணி நேராகக் கமிட்டிக்குப் போய், நானே அடித்துக் கொடுக்கிறேன் என்று நின்றாள். கமிட்டித் தலைவர் சூசைநாதன் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கத்தரித்த மீசை, யாரையும் எளிதில் நம்பாத பார்வை.

"பொம்பள கையில மாதா சப்பரத்தக் குடுக்கறதா?" என்றார் அவர்.

"மாதாவே பொம்பளதான பெரியப்பா?" என்றாள் இவள்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியுமா? வேலை அவளுக்கு வந்தது. அன்றைக்கு அவள் ரோட்டைத் தாண்டி ஓடி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாய், பைக்கு, கேட்டு, டிராக்டருன்னு அடிச்சிகினு கெடந்தேன். இத்த நாலு கொம்யூன் ஜனம் பாக்கும். நல்லா வந்துச்சுன்னா நான் பெயிண்டரு. ஒரு கொப்புளம் வந்துச்சுன்னா, காலத்துக்கும் பொம்பள அடிச்ச பெயிண்டுன்னுதான் சொல்லுவானுங்க" என்றாள். அவள் சொன்னது அப்படியே உண்மை என்று எனக்கும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஸ்டூல் சரிந்து விஜயராணி கீழே விழுந்து, குதிகால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு, டிசம்பர் வரைக்கும் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை அவளிடம் வேலை பார்க்கும் பாக்யராஜ் பார்த்துக்கொண்டான். நாற்பதை நெருங்கும் ஆள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரன், பக்தி கொஞ்சம் அதிகம். ஒர்க்‌ஷாப் என்றால் எந்த மதக்காரர் நடத்தினாலும் ஆயுத பூஜை உண்டு, அது எங்கள் பக்கத்து வழக்கம். என் கடை எடைத் தராசுக்கும் அவன்தான் பொட்டு வைத்துவிட்டுப் போவான்.

திருவிழா சனிக்கிழமை மாலை. சப்பரம் முன்னதாகவே அவள் கடை வாசலுக்கு வந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தயாராக நின்றது. விஜயராணி வெள்ளிக்கிழமை காலையில் கட்டைப் பிரித்த காலோடு, கையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் சந்தோஷத்தில் கல்லாவை விட்டு எழுந்து ஓடினேன். சூசைநாதனும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் சப்பரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக்யராஜ் பெருமையாகச் சுவிட்சைப் போட்டான். கம்ப்ரசர் ஓடியது.

விஜயராணியின் முகம் மாறிவிட்டது. "நிறுத்து! நிறுத்துடா!" என்று கத்தினாள்.

எனக்குச் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நொண்டிக்கொண்டே போய்க் கம்ப்ரசர் முன்னால் குனிந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். எண்ணெய் பார்க்கிற கண்ணாடியைக் காணோம். அந்த இடத்தில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம்.

"இன்னாடா இது?"

"பொட்டுக்கா. ஆயுத பூஜைக்கு வச்சது. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மேல மேல வச்சிகினு வரேன்."

"கண்ணாடி மேல எதுக்குடா வச்ச? வேற எடமே கெடைக்கலியா உனக்கு?"

பாக்யராஜுக்கு அவள் ஏன் கோபப்படுகிறாள் என்றே புரியவில்லை. "கம்பெனிக்காரனே அங்கதானக்கா செவப்பா பொட்டு வச்சி அனுப்பிச்சிருந்தான்? அது மங்கிப் போயிருந்துச்சு. நான் புதுசா வச்சேன்" என்றான்.

அந்தக் கண்ணாடியின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி இருப்பது வாஸ்தவம். எண்ணெய் அதுவரைக்கும் இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இவன் அதைப் பொட்டு என்று நினைத்து, அதன் மேலேயே வாரா வாரம் பொட்டு வைத்துப் பூசி மெழுகியிருக்கிறான். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று துடைக்கவும் இல்லை. அத்தனை வாரமும் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமல், எண்ணெய் இருக்கிறதா என்றும் பாராமல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். விஜயராணி கையைக் காட்டி என்னை அடக்கினாள். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி, துணியால் துடைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கறுப்புதான் தெரிந்தது.

"இன்னைக்கு இத்தப் பிரிச்சுப் பாக்காம நான் கன்னைத் தொட மாட்டேன்" என்றாள் அவள்.

சூசைநாதன் எழுந்து நின்றுவிட்டார். "பொழுது சாஞ்சா பனி எறங்கிரும். அதுக்கப்பறம் நீ எப்ப அடிச்சு, அது எப்ப காயறது? ஓடுது இல்ல? அடி!"

"ஓடுது பெரியப்பா. ஆனா நடுவுல நின்னுச்சுன்னா பாதிச் சப்பரம்தான் வரும் உங்களுக்கு. டேங்குத் தண்ணியும் வெளிய வுட்டிருக்க மாட்டான் இவன். அடிச்சா பூரா கொப்புளமா வரும்."

"அப்ப நான் பாண்டிலருந்து ஆளக் கூப்புடறேன். கோயில்ல பன்னெண்டு மணி அடிக்கிறதுக்குள்ள நீ ஆரம்பிக்கல, அந்த ஆளு வண்டி ஏறிடுவான்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் வேறு கம்ப்ரசரும் கிடையாது. பஞ்சர் கடைகளில் இருப்பதெல்லாம் டயருக்குக் காற்று அடிக்கிற சின்ன மெஷின்கள். ஆக, அவளுடைய பெயர் மொத்தமும் அந்தப் பழைய இரும்பின் மேல் நின்றது. "பாய், கம்ப்ரசர் எண்ணெய் வேணும்" என்று என் பக்கம் திரும்பினாள். என் கடையில் எல்லாம் இருக்கும், அது மட்டும் இருக்காது. வில்லியனூர்தான் போக வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தேன்.

அன்றைக்கு நான் வண்டி ஓட்டிய ஓட்டத்தை ரோஷன் பீவி பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பாள். போகும்போது ஒன்றுமில்லை. கடைக்காரர் எண்ணெய் டின்னைக் கொடுத்தார், கால் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வரும்போது ரயில்வே கேட்டை மூடிவிட்டான். இந்தப் பக்கம் கரும்பு டிராக்டர், அந்தப் பக்கம் பஸ். ரயிலோ வருகிற வழியாகத் தெரியவில்லை. கேட் கீப்பரிடம் கத்தினேன், பஸ் டிரைவரிடம் கத்தினேன், கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு ஆட்டிடமும் கத்தினேன். விழுப்புரம் ரயில் சாவகாசமாக வந்து, சாவகாசமாகப் போனது. கேட் பாதி ஏறும்போதே குனிந்து வண்டியை உள்ளே விட்டேன்.

நான் வந்து இறங்கியபோது கடைக்கு முன்னால் திருவிழாக் கூட்டம் சேர்ந்திருந்தது. விஜயராணி தரையில் சாக்கு விரித்து, அடிபட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாக்யராஜ் டேங்கின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு அடிக்குழாயைத் திறந்து வைத்திருந்தான். டீ டிகாஷன் நிறத்தில் துருத் தண்ணீர் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. "ஐயய்யோ, இவ்ளோவா!" என்று கூட்டமே வாய் பிளந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தவர் யாரும் அதற்கப்புறம் அவளிடம் அவசரப்படுத்திப் பேசவில்லை, சூசைநாதனைத் தவிர.

பழைய எண்ணெய் ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை, மையாகக் கறுத்திருந்தது. இனிமேல்தான் பெரிய பயம். எண்ணெய் இல்லாமல் ஓடியதில் உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்தது. உள்ளே கழுவி, புது எண்ணெயைச் சிவப்புப் புள்ளி வரைக்கும் ஊற்றிவிட்டு, பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். அசையவில்லை. மறுபடி சுற்றினாள். லேசாக அசைந்து நின்றது. "சுத்துடா கண்ணு" என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றியது. பிறகு லகுவாகச் சுற்றியது. நான் பக்கத்தில் நின்ற கமிட்டி ஆளைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. பில்டரில் பட்டித் தூள் அடை அடையாக அப்பியிருந்தது. அதைத் தட்டி ஊதினான் பாக்யராஜ். தளர்ந்திருந்த பெல்ட்டை மோட்டாரை நகர்த்தி இறுக்கினார்கள். சோப்புத் தண்ணீரைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினாள். சுவிட்சைப் போட்டதும் ஓர் இடத்தில் மட்டும் நுரை குமிழ் விட்டது. அங்கே ஸ்பேனர் போட்டு ஒரு திருகு. காற்று அளவுக்கு மீறினால் திறந்துகொள்கிற வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்தாள். புஸ்ஸென்று அடித்த காற்றில் முன்வரிசையில் நின்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். மெஷின் இப்போது ஓடுகிற சத்தம் எனக்கே வேறாகக் கேட்டது.

சூசைநாதன் போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். விஜயராணி எழுந்து, வெறும் காற்றை மட்டும் ஊதுகிற ஏர் கன்னை எடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரியப்பா, அசையாம நில்லுங்க" என்று சொல்லி, அவருடைய வெள்ளைச் சட்டை மேலேயே காற்றை அடித்தாள்.

மனிதர் திகைத்துப் போய்விட்டார். வேட்டி படபடவென்று அடித்தது, முடி எழுந்து நின்றது. "பாருங்க! ஒரு சொட்டுத் தண்ணி கீதா? ஒரு புள்ளி எண்ணெ கீதா?" என்று அவள் கேட்டாள். அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். சலவைக்காரர் கொடுத்த வெள்ளை அப்படியே இருந்தது. கூட்டத்தில் விசில் பறந்தது. அந்த விசிலுக்கு நடுவில்தான் கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு ஜும்ஆ தொழுகைக்கு ஓடினேன். அன்றைய துஆவில் பாதி அந்தச் சப்பரத்துக்குத்தான் போனது.

வெள்ளி மாலைக்குள் அடிப்பூச்சு முடிந்தது. சனிக்கிழமை வெயில் ஏறியதும் நீலம் அடித்தாள். அவள் கை ஒரே வேகத்தில் போய்த் திரும்பும், கம்ப்ரசர் ஒரே சீராக இரையும். ஓரங்களில் தங்க நிறம். கடைசியாக மேலே பளபளப்புப் பூச்சு. மூன்று மணி வாக்கில் முடித்துவிட்டு அவள் கன்னைக் கழுவப் போனபோது, நான் கடையை அம்போவென்று விட்டுவிட்டு அந்தச் சப்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகு! எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னவோ நான் அடித்தது மாதிரி.

சூசைநாதன் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கேயாவது ஒரு கொப்புளமாவது அகப்படாதா என்று குனிந்து நிமிர்ந்து நாலு பக்கமும் சுற்றினார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகம் மெல்ல மலர்வதை நானே பார்த்தேன். "கண்ணாடி மாரி கீதேம்மா!" என்று பூரித்துப்போய், வலது கையைப் பக்கப் பலகையில் அழுத்தி வைத்துவிட்டார்.

"கைய வைக்காதீங்க!" என்று நான் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையை எடுத்தார். பளபளத்த நீலத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகை ரேகையாகப் பதிந்திருந்தன.

விஜயராணி வந்து பார்த்தாள். தேய்த்து மறுபடி அடிக்க நேரமில்லை, பொழுது சாய்ந்ததும் சப்பரம் கிளம்பியாக வேண்டும். "பூ தொங்கவுட்டு மறைக்கலாமா?" என்று பாக்யராஜ் கேட்டான். "அந்த எடத்துல தொங்கவுட்டா சக்கரத்துல சிக்கும்டா" என்றாள். அப்புறம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள். அத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பெரியவர் என்றும் பார்க்காமல் சூசைநாதனை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் நீலம் ஒட்டிய கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாய்ந்ததும் வேட்டு வெடித்தது. பேண்டு வாத்தியம் முழங்க, விளக்கும் பூவுமாகச் சப்பரம் கோயிலிலிருந்து கிளம்பியது. பாகூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் சொந்தபந்தமெல்லாம் வந்து தெரு கொள்ளாத கூட்டம். விஜயராணி கூட்டத்துக்குள் போகவில்லை. கடை வாசலிலேயே கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். யாராவது அந்தத் தடத்தைக் காட்டிப் பேசிவிடுவார்களோ என்று அவள் முகமெல்லாம் பயம். நானும் பாக்யராஜும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டோம்.

சப்பரம் எங்கள் ரோட்டுக்குத் திரும்பியது. அதன் பக்கத்திலேயே, பலகையில் வலது கையை வைத்தபடி சூசைநாதன் நடந்து வந்தார். தடம் இருந்த இடத்தில் அச்சாக அவருடைய கை. கோயிலில் கிளம்பும்போது வைத்த கையாம், எல்லாத் தெருவையும் சுற்றி வந்தும் எடுக்கவில்லையாம். "பெரியவருக்கு எம்மாம் பக்தி பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இளவட்டங்கள் இரண்டு பேர், நீங்கள் போய் உட்காருங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்று வந்தார்கள். தலையை ஆட்டி அவர்களைத் துரத்தினார். தோள் நடுங்கியது, நெற்றியில் வேர்வை வழிந்தது, கை மட்டும் நகரவில்லை. நான் மத்தியானம் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்து குத்தியது.

சப்பரம் எங்கள் கடைகளுக்கு நேரே வந்து நின்றது. பாகூர்க்காரர் ஒருவர் சப்பரத்தை மேலும் கீழும் பார்த்து அசந்துபோய், "யாருங்க பெயிண்ட் அடிச்சது? பாண்டி ஆளா?" என்று சூசைநாதனைக் கேட்டார்.

அவரால்தான் கையை எடுக்க முடியாதே. மோவாயைத் தூக்கி எங்கள் பக்கம் காட்டினார்.

"அதோ, கம்பு வச்சிகினு நிக்கிது பாருங்க. எங்க பெயிண்டரு விஜயராணி" என்றார்.